நான் வாசிக்காத வரி

கோல்டிங் என்ற டேனிஷ் ஊரில் என்னோடு வேலை செய்யும் இங்கர், கனடாவுக்குப் போன தன் பாட்டனாரின் தமையனைப் பழைய குடிசன மதிப்பீட்டுப் பதிவுகளில் தேடிக்கொண்டிருந்தாள். அன்று மதிய இடைவேளையில், கண்ணாடியை மறந்து வந்ததால், தன் மடிக்கணினியில் இருந்ததை என்னை வாசிக்கச் சொன்னாள். அவருடைய பெயர், வயது, மனைவி, நான்கு பிள்ளைகள் எல்லாம் அப்படியே இருந்தன. எங்கள் பத்திரங்களோ போரில் ஊரைவிட்டு இடம்பெயர்ந்தபோது தொலைந்தவை. அம்மாவின் பெயர்கூட எந்தத் தாளிலும் இல்லை. எனக்கு வயிறு எரிந்தது.

“இதிலயும் இல்லை,” என்றேன்.

இங்கர் மடிக்கணினியை மூடினாள். “பரவாயில்லை. இனி நானும் உன்னை மாதிரித்தான்,” என்று தன் கேக்கில் பாதியைத் தந்தாள்.

நான் அதைத் தட்டிலேயே வைத்தேன்.

“இங்கர், ஒருக்காத் திற. நான் பொய் சொன்னனான்.”

அந்தப் பெயரை உரக்க வாசித்தேன். அவள் அழுதாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டபோதும் எனக்குப் பொறாமைதான். இன்றும் அது தீரவில்லை.