யோகன் அண்ணை வாசலில் நின்ற நான்கு மணித்தியாலம்

யோகன் அண்ணை போய்விட்டார்...

காலையில் பஞ்ச் பண்ணிவிட்டு உள்ளே வந்தால் சூப்பவைசரின் முகம் சரியில்லை. நேற்றுப் பின்னேரம் மில்லிக்கனில் தன் வீட்டு ட்ரைவ்வேயில் காரை நிறுத்தியவர் இறங்கவே இல்லையாம். ஹார்ட் அட்டாக்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. வியாழக்கிழமை அமெரிக்காவில் இருக்கிற என் தம்பிக்காக இனி யார் போய் நிற்பது என்றுதான் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பிறம்ரனில் எங்கள் வெயர்ஹவுஸில் அண்ணை ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். நான் ஷிப்பிங் டெஸ்க். ஒன்பது வருடம் ஒரே லஞ்ச் றூம். அங்கே இருக்கிற ரிவி, அண்ணையின் சொத்து மாதிரி. அமெரிக்க நியூஸ் தவிர வேறு ஒன்றும் போட விடமாட்டார்.

"கோட்டிலை நீதிபதி ஒண்டு சொல்லுறார், ஜனாதிபதி வேறை ஒண்டு சொல்லுறார். நடுவிலை நிக்கிற பொலிஸ்காரன் ஆற்றை சொல்லைக் கேக்கிறது, பிள்ளை?" என்பார். சோறு வாயில் இருக்கும், கை ரிவியைக் காட்டும்.

எங்கேயோ ஒரு நாட்டில் குண்டு போட்டுவிட்டுப் பேச்சுவார்த்தை என்று அறிவித்தால் சிரிப்பார். "பேச்சுவார்த்தையாம்! சனம் இனித்தான் பங்கர் வெட்டவேணும்."

கனடாவையும் அமெரிக்காவோடு சேர்க்கப் போகிறார்களாம் என்று நான் ஒருநாள் பதறிக்கொண்டு வந்தேன். "சேத்தால் நல்லதுதானே, உன்ரை தம்பியிட்டைப் போடரிலை மறிப்பு இல்லாமல் போய்வரலாம்" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

ஆனால் முகமூடி போட்ட இமிகிரேஷன்காரர்கள் றோட்டில் ஆட்களைப் பிடித்து வான் வண்டிக்குள் ஏற்றுவதைக் காட்டிய அன்று அவர் சிரிக்கவில்லை. எங்கள் ஊர்ச் சுற்றிவளைப்புகளில் முகத்தை மூடிக்கொண்டு ஆளைக் காட்டிக்கொடுப்பவனைத் தலையாட்டி என்போமே...

"அங்கை தலையாட்டிதான் முகத்தை மூடுவான். ஆமிக்காரன் மூடமாட்டான்" என்றார் அண்ணை. "இஞ்சை பிடிக்கிறவனே மூடுறான். இது எனக்கு விளங்கேல்லை, பிள்ளை."

அதுக்குப் பிறகுதான் தம்பியின் கதையை முழுக்கச் சொன்னேன். என் தம்பி போடருக்கு அந்தப் பக்கம், இரண்டு மணித்தியால ஓட்டம். ஊர்ப் பெயரைப் போடவில்லை. அகதிக் கேஸ் இன்னும் முடியவில்லை. கூப்பிடும்போதெல்லாம் இமிகிரேஷன் ஒபிஸுக்குப் போகவேண்டும்.

"தம்பிக்கு அடுத்த கிழமை செக்-இன் அண்ணை" என்றேன்.

"ஏன், ஹொட்டலுக்கே போறார்?" என்று பகிடி விட்டார்.

"இல்லை அண்ணை... சைன் வைக்கப் போறான்."

அந்தச் சொல்லோடு மனிசன் சாப்பாட்டை மூடிவிட்டார். பிறகு மெல்லச் சொன்னார். யாழ்ப்பாணத்தில் அவருடைய மூத்த அண்ணன் கிழமைக்கு ஒருக்கால் ஆமிக் காம்பில் சைன் வைக்க வேண்டும். சைக்கிளில் ஏற்றிப் போவது இவர்தான்.

"அண்டைக்கு எனக்கு ரியூசனுக்கு நேரம் பிந்திப் போச்சு. வாசலிலை இறக்கி விட்டிட்டுப் போட்டன். பிறகு போய்க் கேட்டா, அப்பிடி ஒராள் உள்ளை வரவே இல்லை எண்டிட்டாங்கள். அவர் உள்ளை போனதை நான் காணேல்லைதானே. என்னெண்டு நான் மறுத்துச் சொல்லுறது?"

ரிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார். "தம்பியோடை ஆர் போகினம்?"

ஒருவரும் இல்லை. நான் இப்போது கனடாச் சிற்றிசன்தான், பாஸ்போட்டும் இருக்கிறது. ஆனால் அந்தப் போடரில் நிற்கிற யூனிஃபோமுக்குப் பயந்து நான் போவதில்லை. அண்ணைக்கு அது விளங்கியது. ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லவில்லை.

அடுத்த கிழமை லீவு போட்டு அவர் போனார். நல்ல ஸ்னோ. தம்பி உள்ளே போனதைக் கண்ணால் பார்த்துவிட்டு, எதிர்ப் பக்க நடைபாதையில் நான்கு மணித்தியாலம் நின்றிருக்கிறார். காருக்குள்ளும் ஏறவில்லை. செக்கியூரிட்டி வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டானாம்.

"'வன் மான் வென்ற் இன்சைட். ஐ சோ' எண்டன், ஒராள் உள்ளை போனதைக் கண்டனான் எண்டு. அவன் என்னைப் பாத்தான், நானும் அவனைப் பாத்தன். திரும்பிப் போயிட்டான்." அதைச் சொல்ல முதல் அண்ணை எழும்பிப் போய் லஞ்ச் றூம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவருக்கும் பயம்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

தம்பி வெளியே வந்து போன் எடுத்தான். "அக்கா, அந்தாளைக் கண்டாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது" என்று சொல்லி அழுதான்.

வருகிற வியாழன் காலை பத்து மணிக்கு அவன் திரும்பவும் சைன் வைக்க வேண்டும். அண்ணை ஏற்கெனவே லீவு எழுதிக் கொடுத்திருந்தார்...

அண்ணையின் இறுதிக் கிரியையும் அதே வியாழன் காலையில்தான்.

இந்தப் பதிவைப் போடவேண்டாம் என்று என் கணவர் கத்துகிறார். போடரில் போனை வாங்கிப் பார்ப்பார்களாம். ஃபிரெண்ட்ஸ் மட்டும் பார்க்கிற மாதிரித்தான் போட்டிருக்கிறேன். தயவுசெய்து ஒருவரும் ஷெயார் பண்ணவேண்டாம். புதன் பின்னேரம் அழித்துவிடுவேன்.

மத்தியானம் அண்ணையின் மனைவி மாலா அக்காவுக்குப் போன் எடுத்து, கிரியைக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் உளறினேன்.

"நீ போ பிள்ளை" என்றார் அக்கா. "உயிரோடை இருந்தா அவரும் அண்டைக்கு அங்கைதானே நிண்டிருப்பார்."

காலையிலிருந்து எனக்குச் சாப்பாடு ஒன்றும் இறங்கவில்லை, அண்ணை. சரியான பயமாக இருக்கிறது. தம்பி உள்ளே போவதை நான் பார்ப்பேன். அவன் வெளியே வருமட்டும் அசையமாட்டேன்.

நீங்கள் போங்கோ அண்ணை. வாசலில் நான் நிற்கிறேன்.