தலை மட்டும் தெரிந்தால் பீவர்

எல்வீஜ் டார்டார் ஒரு ஆம்பிளையின் கண்ணைத் தோண்டிய கதையை எங்கள் சதுப்புப் பக்கத்தில் ஆளுக்கொரு தினுசாகச் சொல்வார்கள். கரண்டியால் தோண்டினாள் என்பான் ஒருவன். தோண்டி நாய்க்குப் போட்டாள் என்பான் இன்னொருவன். நாய்தான் அப்போது செத்து மிதந்துகொண்டிருந்ததே! அன்றைக்கு அவள் படகை ஓட்டியவன் நான். நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு அவள் ஒன்றுவிட்ட அக்கா. நல்ல உயரம். தோள்கள் ஆம்பிளைத் தோள்கள். புருஷன் ரோஸ்மோன் இறால் படகில் வேலை செய்தவன். வலை சுற்றும் எந்திரத்தில் ஒருநாள் அவனுடைய சட்டைக் கை மாட்டிக்கொண்டது. எந்திரத்தை நிறுத்துவதற்குள் தோள் வரைக்கும் இழுத்துவிட்டது. கரை சேருவதற்குள் உயிர் போய்விட்டது. வலையிலிருந்து உடம்பைப் பிரித்தெடுக்க மற்றவர்கள் தயங்கி நின்றபோது எல்வீஜ்தான் கத்தியோடு ஏறிப் பிரித்தெடுத்தாள். அழவில்லை. அடுத்த குளிர்காலமே புருஷனுடைய பொறிகளை எண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டு நியூட்ரியா வேட்டைக்குக் கிளம்பிவிட்டாள். படகோட்ட என்னைக் கூப்பிட்டாள்.

நியூட்ரியா எலி ஜாடையில் பூனைப் பெரிசு இருக்கிற தண்ணீர் ஜீவன். பொறியில் கால் மாட்டினால் சாதுவாகக் கிடக்காது. ஆரஞ்சுப் பல்லைக் காட்டிச் சீறும். சேற்றை வாரி இறைக்கும். சிலது மாட்டிய காலைத் தானே கடித்துத் துண்டித்துக்கொண்டு ஓடப் பார்க்கும். எல்வீஜ் இடுப்பளவு சேற்றில் இறங்கி, சங்கிலியை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, காதுக்குப் பின்னால் தடியால் ஒரே போடு போடுவாள். நான் அடித்ததற்கு இரண்டாவது அடி தேவைப்பட்டால் திட்டுவாள்.

"ஒரே அடியில முடிக்கணும்டா, க்ளேபேர். ரெண்டாவது அடி அடிச்சா அது வேட்டையில்ல, கொடுமை."

"நீ அடிக்கிற அடியில யானையே விழுந்துடும்க்கா. எனக்கு அந்தக் கை இல்லையே."

"கை இருக்கு. சாராயம் குடிச்சு ஊறிப்போய் இருக்கு."

வாலை வெட்டிக் கொடுத்தால் அரசாங்கம் காசு தரும். கரையைக் குடைந்து, புல்லை வேரோடு தின்று, சதுப்பையே கரைத்துவிடுகிற ஜீவன் என்பதால் அந்த ஏற்பாடு. பல பேர் வாலை எடுத்துக்கொண்டு உடம்பைத் தண்ணீரில் வீசிவிடுவார்கள். எல்வீஜ் வீசமாட்டாள். முதுகில் வால் பக்கமாக இருக்கிற நாற்றச் சுரப்பியைக் கறியில் படாமல் நோண்டி எடுப்பாள். பின்னந்தொடையை உப்பும் காடியும் கலந்த தண்ணீரில் ஊறப்போடுவாள். வெங்காயத்தைக் கருகக் கருக வதக்கி, தக்காளியும் மிளகாயும் சேர்த்து, சோற்றுக்குக் குழம்பு வைப்பாள். முயலுக்கும் கோழிக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கறி.

ஒரு தடவை படகை வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும்போது ஹூமா டவுனில் பெட்ரோல் போட நின்றோம். பக்கத்து வண்டியில் இருந்த தடியன் எங்கள் படகில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "எலிதின்னிங்க வந்துட்டாங்கடா" என்றான்.

எல்வீஜ் மெதுவாக அவன் பக்கம் போனாள். "எலி குப்பையத் தின்னும், பொணத்தத் தின்னும். இது புல்லும் வேரும் தின்னுற ஜீவன். நீ காலைல என்ன தின்ன?"

அவன் வெளியே வந்து அடிக்க ஒரு காலை எடுத்து வைத்தான். அவள் அவன் வண்டிக் கதவைப் பிடித்து அந்தக் கால் மேலேயே ஓங்கிச் சாத்தினாள். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம். அப்படிப்பட்டவள்.

இப்படி இருக்கும்போதுதான் ரோஸ்மோனின் தம்பி நோல்டன் திரும்பி வந்தான். டவுனில் வேலை போய், பெண்டாட்டியும் போய், மகள் க்ளியோனாவை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தவன். அண்ணன் வேட்டையாடிய இடத்தில் தனக்கும் பாத்தியதை உண்டு என்றான். எல்வீஜ் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

அவள் குடிசைக்குப் பின்னால் ஒரு சின்ன ஓடை. அதன் வாயில் பீவர்கள், அவையும் நியூட்ரியா ஜாடையில் இருக்கிற தண்ணீர் ஜீவன்கள்தான், கிளைகளையும் சேற்றையும் கொண்டு அணை கட்டியிருந்தன. அந்த அணை இருந்ததால்தான் கடல் உப்பு உள்ளே ஏறவில்லை. சைப்ரஸ் மரங்கள் பச்சையாக நின்றன.

"நியூட்ரியா எத்தனை வேணா அடி. பீவர் மேல கை வைக்காத" என்றாள்.

"ரெண்டும் ஒரே எலிதானே அண்ணி?"

"வாலைப் பாரு. பீவருக்குத் துடுப்பு மாதிரி தட்டை வால். இதுக்கு எலி வால், உருண்டையா."

"தண்ணிக்குள்ள வால் எங்க தெரியுது?"

"மீசையப் பாரு. நியூட்ரியாவுக்கு வெள்ளை மீசை, கிழவன் மாதிரி. பீவருக்குக் கறுப்பு. அதுவும் தெரியலன்னா நீந்துறதப் பாரு. முதுகும் சேர்ந்து மேல தெரிஞ்சா நியூட்ரியா. தலை மட்டும் தெரிஞ்சா பீவர். தலை மட்டும் தெரிஞ்சா சுடாத. அவ்வளவுதான்."

ஒரு மாதம் ஒழுங்காக இருந்தான். பிறகு ஒருநாள், தோலுரிக்கிற கொட்டகையில் வேட்டைக்காரர்கள் நாங்கள் எல்லாரும் இருந்தபோது, ஒரு பீவரைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டான். வாலைக் கொழுப்போடு சுட்டுத் தின்றால் ருசி என்று யாரோ சொன்னார்களாம்.

"தெரியாம சுட்டுட்டேன் அண்ணி" என்றான். வாயில் சிரிப்பு இருந்தது.

எல்வீஜ் கத்தியை எடுத்து அந்தத் தட்டை வாலை அடியோடு அறுத்தாள். அதைப் பிடித்து நோல்டன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். கொட்டகை முழுக்கச் சத்தம். ஈரமும் ரத்தமும் அவன் முகத்தில் அப்பின. மறு கன்னத்திலும் ஒன்று வைத்தாள்.

"இப்ப தெரியுதா வித்தியாசம்? நியூட்ரியா வாலால அடிச்சா கோடு விழும். இதால அடிச்சா மூஞ்சி முழுக்க விழும்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான். நோல்டன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான். அவன் மகள் க்ளியோனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

குளிர்காலம் முடியப்போகிற நேரம். வெயிலடித்த ஒரு மத்தியானம், எல்வீஜ் ஒரு நியூட்ரியாவைச் சுட்டாள். அது கால்வாயின் நடுவில் விழுந்தது. அவளுடைய கறுப்பு நாய் ஃபிஃபீன் வழக்கம்போலக் குதித்து அதை எடுத்துவர நீந்தியது. வளைவைத் தாண்டி நோல்டனின் படகு வந்தது. எங்கள் படகு நாணலுக்குள் இருந்தாலும் மறைவாக இல்லை. என் சிவப்புத் தொப்பி அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் துப்பாக்கியைத் தூக்கினான். சுட்டான். ஃபிஃபீன் கத்தக்கூட இல்லை. தண்ணீர் சிவந்தது.

எல்வீஜ் எழுந்து நின்றாள். படகு ஆடியது.

நோல்டன் அங்கிருந்தே கூவினான். "பீவர்னு நெனச்சேன் அண்ணி! தலை மட்டும்தான் தெரிஞ்சுது. நீ சொல்லிக் குடுத்ததுதானே!"

"பீவரையும் சுடாதன்னுதானே சொன்னேன்" என்றாள் எல்வீஜ். அவனுக்குக் கேட்டிருக்காது; அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "ஓட்டு" என்றாள்.

"எங்கக்கா?"

"அவன் மேல."

நான் எந்திரத்தை முடுக்கினேன். பக்கத்தில் போய்த் திருப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அவள் பின்னால் வந்து என் கையோடு சேர்த்துப் பிடியைத் திருகினாள். எங்கள் படகின் மூக்கு அவன் படகின் வயிற்றில் இடித்தது. அவன் சரிந்தான். எழுவதற்குள் எல்வீஜ் தடியோடு அவன் படகில் குதித்தாள். முதல் அடி முழங்கையில் விழுந்தது. இரண்டாவது அடி விழுமுன் அவன் துப்பாக்கி வெடித்தது. அவள் இடது தோளில் சட்டையும் சதையும் சேர்ந்து பிய்ந்தன. என் முகத்தில் அவள் ரத்தம் தெறித்தது. அவள் நிற்கவில்லை. தடி கை நழுவிப் போயிற்று. வெறுங்கையால் அவனைப் பிடித்தாள். இரண்டு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள்.

அங்கே ஆழம் நெஞ்சளவுதான். கீழே சேறு. அவன் அவள் தோள் காயத்தில் விரலை விட்டுக் கிழித்தான். அவள் அலறிக்கொண்டே அவன் முகத்தை இரண்டு கையாலும் பற்றினாள். வலது கட்டைவிரல் அவன் கண்ணுக்குள் போனது. அவன் போட்ட சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. கண் அப்போதே போய்விட்டது. அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. தலைமுடியைப் பிடித்துத் தண்ணீருக்குள் அமுக்கினாள். கைகால் உதைத்தான். குமிழி வந்தது. பிறகு குறைந்தது.

"அக்கா! விடுக்கா! செத்துடுவான்!"

"சாகட்டும்."

படகு தள்ளுகிற கழியை எடுத்து அவள் முதுகில் ஓங்கி அடித்தேன். திரும்பிப் பார்த்தாள். யாரென்று தெரியாதவள் பார்ப்பதுபோல இருந்தது. இன்னொரு அடி, காயம்பட்ட தோளிலேயே போட்டேன். அப்போதுதான் பிடி தளர்ந்தது. நோல்டனை இழுத்துப் படகில் போட்டேன். அவளும் ஏறினாள். ஏறிய பிறகு, "நாய எடுத்துட்டு வா" என்று மட்டும் சொன்னாள். மூன்றையும் ஏற்றிக்கொண்டு கரைக்கு வந்தேன். அவன் ஊளையிட்டுக்கொண்டே வந்தான். அவள் மடியில் நாயின் தலை இருந்தது.

கோர்ட்டில் நோல்டன், நாயைத் தவறுதலாகச் சுட்டேன் என்றான். எல்வீஜின் வக்கீல், வருந்துகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார். அவள் எழுந்து நின்றாள். "இவன் பொய் சொல்லலன்னா, நாய்க்கும் பீவருக்கும் வித்தியாசம் தெரியாத கண்ணு இவனுக்கு எதுக்கு?" என்றாள். ஜனங்கள் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அவள் சிறைக்குப் போனாள்.

அவள் இல்லாத காலத்தில் நோல்டன் ஒற்றைக் கண்ணோடு அந்த ஓடைக்குப் போனான். கோடரியால் அணையை உடைத்தான். தண்ணீர் வடிந்து வளை வெளியே தெரிந்ததும், வந்த பீவர்களையெல்லாம் மண்வெட்டியால் வெட்டிக் கொன்றான். தாய், குட்டி, எதையும் விடவில்லை. தின்னவும் இல்லை, அப்படியே அழுகப் போட்டான். வெயில் காலத்தில் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறியது. சைப்ரஸ் மரங்கள் நின்றபடியே வெளுத்துச் செத்தன.

சிறையிலிருந்து வந்தவள் அதைப் பார்த்தாள். வீட்டுக்குள்கூடப் போகவில்லை. என் படகிலிருந்த கோடரியை எடுத்துக்கொண்டு நேராக நோல்டன் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

நோல்டன் முற்றத்து மேசையில் ஒரு நியூட்ரியாவை அறுத்துக்கொண்டிருந்தான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. கத்தி தப்பித் தப்பிப் போனது. விரலெல்லாம் துணிக் கட்டு. சுரப்பியைக் கிழித்துவிட்டிருந்தான், கறி முழுக்க நாற்றம். அவளைக் கண்டதும் சுவரில் சாய்த்திருந்த துப்பாக்கியைப் பாய்ந்து எடுத்துச் சுட்டான். குண்டு அவளுக்கு ஒரு முழம் தள்ளித் தூணில் பாய்ந்தது. அவள் கோடரியைக் கீழே போட்டாள். குழலைப் பிடித்துப் பிடுங்கி, அதன் அடிக்கட்டையால் அவன் முன்கையில் ஒன்று வைத்தாள். கை மடங்கித் தொங்கியது. துப்பாக்கியைத் தூணில் அடித்து உடைத்தாள்.

அவன் தரையில் உட்கார்ந்து, "கொன்னுடு அண்ணி" என்றான். "இப்படி இருக்கறதுக்குக் கொன்னுடு."

அவள் மேசையைப் பார்த்தாள். அவன் விரல்களைப் பார்த்தாள்.

"உன்னக் கொல்றதுக்கு ஒரே அடி போதாது, நோல்டன்" என்றாள். "அவ்வளவு அடிக்க எனக்குத் தெம்பில்ல."

கோடரியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். வழியில் நாணலுக்குள் போய் வாந்தி எடுத்தாள். நான் பார்க்காததுபோல நின்றேன்.

அதற்குப் பிறகு நோல்டன் பாட்டிலும் கையுமாக ஆனான். சில வருஷத்தில் ஈரல் வீங்கி, க்ளியோனா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே செத்தான். சாவு வீட்டுக்கு எல்வீஜ் வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. வந்தாள். பெரிய சட்டி நிறையக் குழம்பும் சோறும் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். கூட்டம் ஒதுங்கி நின்றது. ஒருத்தரும் தொடவில்லை.

க்ளியோனா தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"என்ன கறி, பெரியம்மா?"

"நியூட்ரியா."

"சாப்பிடலாமா?"

"உன் அப்பன் குடியால செத்தான். என் கறியால இல்ல."

க்ளியோனா அவளையே பார்த்தாள். பிறகு கரண்டியால் தானே அள்ளிப் போட்டுக்கொண்டு, எல்வீஜுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. மிளகாய்க் காரமா, வேறு எதுவுமா என்று நான் கேட்கவில்லை. எல்வீஜ் சட்டியைத் தன் பக்கம் இழுத்து, அவள் தட்டில் இன்னொரு தொடையை வைத்தாள்.