எட்டுத் தாளிலும் மல்லாட்டை

போன வாரம் திண்டிவனம் பேருந்து நிலையத்தில் இறங்கியதும் சூடான மணலில் எதையோ வறுக்கிற வாசனை மூக்கில் ஏறியது. வாசனை போன பக்கமே போய், கடையில் நின்ற பெண்ணிடம், "ஒரு பொட்டலம் மல்லாட்டை குடும்மா" என்றேன். "என்னா கேட்டீங்க?" என்றாள். அவள் என்ன செய்வாள், பாவம். அந்த ஒரு வார்த்தைக்காக ஜெர்மனிக்குப் போகிற வாய்ப்பையே விட்டவள் நான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

உங்களுக்குச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் நான் சென்னையில் ஓவியக் கல்லூரி மாணவி. ஊர் திண்டிவனத்தை அடுத்த கிளியனூர் பக்கம். அப்பாவுக்கு இரண்டு காணி நிலம், முழுக்க மல்லாட்டை. அந்த வருடம் எங்கள் கல்லூரிக்கும் ஜெர்மனியில் ஒரு வடிவமைப்புக் கல்லூரிக்கும் பரிமாற்றம் ஏற்பாடானது. அங்கிருந்து ஹெல்கா என்ற ஆசிரியை ஆறு மாதம் இங்கே பாடம் நடத்துவார். இங்கிருந்து ஒரு மாணவர் ஆறு மாதம் அங்கே போய்ப் படிக்கலாம். ஒரே ஒரு இடம். சோற்றில் கை வைத்தால்கூட எனக்கு அதே நினைப்புதான்.

அதற்கு அனுப்புவதற்காக, விழுப்புரம் மார்க்கெட் கமிட்டியில் மூட்டை பிரிக்கிற பெண்களைப் பார்த்து வரைந்து, லினோ தகட்டில் செதுக்கி, எட்டுத் தாள் அச்செடுத்தேன். ஒவ்வொன்றின் அடியிலும் 'மல்லாட்டை' என்று தலைப்பு. எழுத்து அச்சில் நேராக விழவேண்டுமானால் தகட்டில் அதைத் திருப்பிப்போட்டுச் செதுக்கவேண்டும். கெட்டிக்காரி நான், முதல் தகட்டில் நேராகவே செதுக்கிவிட்டேன். தாளில் விழுந்ததைப் படிக்க முகம் பார்க்கிற கண்ணாடி தேவைப்பட்டது.

துறைத் தலைவர் தாள்களைப் புரட்டினார். "வேலை நல்லாயிருக்கும்மா. ஆனா இது என்ன பட்டிக்காட்டு வார்த்தை? மேல வெள்ளைப் பேப்பர ஒட்டி வேர்க்கடலைன்னு எழுதிடு. வெளிநாட்டுக்காரங்க பாப்பாங்க."

"அவங்களுக்கு ரெண்டு வார்த்தையுமே தெரியாதே சார்?"

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மாற்றாவிட்டால் சிபாரிசுக் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுந்து போய்விட்டார்.

ஊருக்கு ஓடினேன். அப்பா களத்தில் காயைக் கிளறியபடியே கேட்டுக்கொண்டார். "கேப்பையக் கேழ்வரகுன்னு சொன்னா களி வேகாதா? எழுதிட்டுப் போவியா, இத்தப்போய் பேஜாரு பண்ணிக்கினு!"

"வேகும்பா. நாம பேசறது அசிங்கம்னு நானே ஒட்டி மறைக்கணுமா?"

கிளறிய கை நின்றது. "அசிங்கம்னா சொன்னாரு? அப்ப ஒட்டாத." மறுபடி காயைக் கிளறிக்கொண்டே சொன்னார்: "மணிலாவுலேர்ந்து கப்பல்ல வந்த கொட்டைம்மே அது. மணிலாக்கொட்டைதான் மல்லாட்டை ஆயிப்போச்சி. உங்க சாருக்கு முன்னாடியே அது வெளிநாடு பாத்துட்டுது."

வெள்ளிக்கிழமை எட்டுத் தாளையும் அப்படியே கொண்டுபோய் வைத்து, அப்பா சொன்னதையும் ஓர் எழுத்துக் குறையாமல் சொன்னேன். வாய்க்கொழுப்புதான். கையெழுத்து விழவில்லை. வகுப்புத் தோழன் ஒருவன் போனான். நல்ல வேலைக்காரன், அவன்மேல் எனக்குக் குறை கிடையாது. விமான நிலையத்தில் அவனுக்குக் கையசைத்துவிட்டு வந்து விடுதியில் அழுதேன். ஒட்டிவிட்டுப் போயிருந்தால் அங்கே போய் அழுதிருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம். விஷயம் கேள்விப்பட்ட ஹெல்கா, ஊர் திரும்பும்போது ஒரு தாளைக் கேட்டு வாங்கிப்போனார். எனக்குக் கிடைக்காத பயணம் அந்த வார்த்தைக்குக் கிடைத்தது.

இப்போது பரிமாற்றத்துக்கென்றே கல்லூரிகளில் தனி அலுவலகம் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வருடந்தோறும் போய்வருகிறார்கள். சந்தோஷம், போகட்டும். அப்பா இல்லை, அந்தக் களமும் இல்லை. கடைப் பொட்டலத்தில் 'ரோஸ்டட் பீனட்' என்று அச்சடித்திருந்தது.

"ஓ, கடலையா?" என்றாள் அந்தப் பெண். "நீங்க எந்த ஊரும்மா?"

"இதே ஊருதான்" என்றேன். "மல்லாட்டை குடு."