சித்தி அழுத டென்னிஸ் ஆட்டம்

எங்கள் வீட்டில் டென்னிஸ் பார்க்கிற ஒரே ஆள் சித்திதான். அம்மாவின் தங்கை. விழிதியூரில் பிறந்து வளர்ந்து, டென்னிஸ் மட்டையைக் கையால்கூடத் தொட்டிராதவள், மே மாதக் கடைசி வந்துவிட்டால் ரிமோட்டை ஒருவருக்கும் விடமாட்டாள். காரணம் விளையாட்டு இல்லை, பாரீஸ். சித்தப்பா பாரீஸில் இருந்தார். எங்கள் டிவியில் பாரீஸ் வருவது வருடத்துக்கு அங்கே போட்டி நடக்கிற அந்த இரண்டு வாரம்தான்.

பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட எங்கள் காரைக்காலில் இது அதிசயமில்லை. தெருவுக்கு நாலு பேர் பிரான்சில் இருப்பார்கள். சித்தப்பா கல்யாணமான மறு வருடமே ஓட்டல் வேலைக்கென்று போனவர். பேப்பர் கிடைத்ததும் சித்தியைக் கூப்பிட்டுக்கொள்வதாகப் பேச்சு. பேப்பர் என்றால் அங்கே தங்குவதற்கான அனுமதி. எங்கள் ஊரில் வேறெந்தக் காகிதத்துக்கும் அவ்வளவு மரியாதை கிடையாது. அது வருகிறவரை சித்தி எங்கள் வீட்டோடு இருந்தாள். நான் ஐந்தாம் வகுப்பு வந்த பிறகும் அது வந்துகொண்டேதான் இருந்தது.

முதலில் சித்தி ஆட்டத்தைப் பார்க்கவில்லை, வானத்தைத்தான் பார்த்தாள். மழை என்று மைதானத்தைத் தார்ப்பாய் போட்டு மூடினால், "குடை எடுத்துட்டுப் போனாங்களோ என்னமோ" என்பாள். பார்த்துப் பார்த்து ஆட்டமும் பிடிபட்டுவிட்டது. பதினைந்து, முப்பது, நாற்பது என்று அவள் எண்ணுவதைக் கேட்டு, "நாப்பத்தஞ்சை எவன்டி தூக்கிட்டுப் போனான்?" என்பாள் அம்மா. அந்தச் செம்மண்ணில் புரண்ட சாக்ஸையெல்லாம் யார் துவைப்பார்கள் என்பது அம்மாவின் இன்னொரு கவலை.

அப்போது இரண்டு பேர்தான் மாற்றி மாற்றி இறுதி ஆட்டத்துக்கு வருவார்கள். ஒருவர் இடது கைக்காரர், காளை மாதிரி மோதுவார். இன்னொருவர் வியர்க்காமல் விளையாடுவார். மற்ற ஊர்களில் ராஜா, அந்தச் செம்மண்ணில் மட்டும் தோற்பார். சித்தப்பா இடது கைக்காரர் கட்சி. சித்தி தோற்கிறவர் கட்சி. யாருடைய ஆள் ஒரு செட் ஜெயிக்கிறாரோ அவர் மற்றவருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும், வெறுப்பேற்ற. மிஸ்டு காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு போய்விடும். வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் இது தெரியும். சேர்ந்து வாழாத அந்தப் புருஷன் பெண்டாட்டி சேர்ந்து ஆடிய ஒரே ஆட்டம் அதுதான்.

நான் சொல்லவந்த வருடம், இறுதி ஆட்டத்துக்கு சித்தி சாயங்காலமே தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா பேப்பரோடு வாசலில். அம்மா அடுப்படியில். தங்கச்சி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்த வருடம்தான் அவளைப் பால்வாடியில் சேர்த்திருந்தோம்.

முதல் செட் இடது கைக்காரருக்கு. போன் அடிக்கவில்லை. சித்தி அதை எடுத்துப் பார்த்தாள், சார்ஜ் இருந்தது. "வேலையா இருப்பாங்க" என்று என்னிடம் சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

இரண்டாவது செட்டை அவள் ஆள் பிடித்துவிட்டார். சித்தி கைதட்டி எழுந்தே விட்டாள். "கொடுடி ஒரு மிஸ்டு கால்!" என்றாள். அந்த நீள நம்பர் எனக்கு மனப்பாடம் என்பதால் அது என் உத்தியோகம். அழுத்தினேன். மணி போனது. நான் கட் பண்ணுவதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள்.

"அப்பா குளிக்கிறாங்க. நீங்க யாரு?"

ஒரு பாப்பாவின் குரல். பயந்துபோய் வைத்துவிட்டேன்.

"சித்தி, எடுத்துட்டாங்க! காசு போயிருச்சு!"

"யாருடி எடுத்தது?"

"ஒரு பாப்பா. அப்பா குளிக்கிறாங்கங்குது."

போனை வாங்கி நம்பரை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். "தமிழா பேசுச்சு?"

"ஆமா சித்தி, நம்ம மாதிரியே பேசுது!" பாரீஸில் ஒரு பிள்ளை நம் தமிழ் பேசுகிறது என்பதில் எனக்கு அப்படி ஒரு குதூகலம்.

"எத்தாம் பெரிய புள்ளையா இருக்கும்?"

"நம்ம பாப்பா மாதிரி இருக்கும்."

சித்தி பாயில் கிடந்த தங்கச்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லாத. காசு போச்சுன்னு திட்டுவா" என்றாள். எனக்கும் அதுதான் பயம். சொல்லவில்லை.

மூன்றாவது செட் நடக்கும்போது போன் அடித்தது. ஒரு மணியோடு நிற்கவில்லை. விடாமல் அடித்தது, நின்று மறுபடி அடித்தது.

"சித்தி, நெசக் காலு! எடுங்க!"

"மிஸ்டு காலை எடுக்கக் கூடாதுடி" என்றாள், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

நாலாவது செட்டோடு எல்லாம் முடிந்தது. இடது கைக்காரர் செம்மண்ணில் மல்லாந்து விழுந்தார். மற்றவர் வலையருகே வந்து, சிரிக்க முயன்று, கை கொடுத்தார். அவ்வளவு நேரம் கல்லாக இருந்த சித்தி அப்போது வெடித்து அழுதாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். சத்தம் கேட்டு அப்பா ஓடி வந்தார், அம்மா கரண்டியோடு வந்தாள்.

"சித்தியோட ஆளு தோத்துட்டாரு" என்று நான்தான் சொன்னேன்.

அப்பா சிரித்துவிட்டார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நான் சித்தியின் மடியில் ஏறி, "அடுத்த வருஷம் ஜெயிச்சுருவாரு சித்தி, அழுவாதீங்க" என்று கன்னத்தைத் துடைத்தேன்.

அந்தக் கதையைப் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் சொல்லிச் சொல்லிப் பரப்பியது நான். டென்னிசுக்கு அழுத பொம்பளை என்று சொந்தத்தில் வெகுகாலம் கேலி நடந்தது. கல்யாண வீடுகளில் யாராவது சீண்டினால், "என்ன பண்றது, நல்லா ஆடுற புள்ளை தோத்துப்போச்சே" என்று சித்தியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஒருதரம்கூட மறுத்ததில்லை. அந்தக் கேலி எவ்வளவு நாளைக்கு சித்தப்பாவைப் பற்றிய கேள்விகளிலிருந்து அவளை மறைத்து வைத்திருந்தது என்பது, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த எனக்கு அப்போது தெரியவில்லை.