பாட்டிலக்கா நல்லதென்று சொன்ன தண்ணீர்

ஊரில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் கலகலவென்று ஆறு கண்ணாடி பாட்டில்கள். இப்படியே தெருத் தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வருவாள். அதனால் பாட்டிலக்கா. நகராட்சியின் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருட வேலை. ஆய்வுக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். பம்ப் அறையை ஒட்டி ஒரு சின்ன அறை, ஒரு மேசை, கை கழுவத் தொட்டி, அவ்வளவுதான். நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் இருந்து பழகியதால் வீட்டிலும் கத்தித்தான் பேசுவாள்.

அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ஊர் ஆற்றுத் தண்ணீரைத்தான் குடித்தது. மேலே சாயப்பட்டறைகள் வந்தபின் ஆறு ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியது. போதாததற்குச் சாக்கடையும் கலந்தது. ஒரு கோடையில் மஞ்சள் காமாலை பரவி நாற்பது நாளில் பத்தொன்பது பேரைக் கொண்டுபோனது. அதில் அவள் கணவனும் ஒருவன்.

பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பியவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. ஆழ்துளைக் கிணறு வேண்டும் என்று அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினாள். அடுத்த வருடம் பதின்மூன்று கிணறுகள் தோண்டினார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கிருமி இல்லை, நாற்றம் இல்லை. 'குடிக்க உகந்தது' என்று அவளே கையெழுத்துப் போட்டாள். ஃபுளோரைடு என்ற உப்பைச் சோதிக்க அங்கே வசதி இல்லை. சோதிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை. ஆனாலும் காமாலை பயம் போகாமல், வீடு வீடாகச் சொல்லி வைத்தாள்: "எதுக்கும் நல்லா கொதிக்க வச்சு குடிங்க."

பன்னிரண்டு வருடம் யாருக்கும் காமாலை வரவில்லை. பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

அவளுடைய தங்கை இரண்டு தெரு தள்ளி, தையல் மெஷினே கதியென்று இருந்தவள். முதலில் முதுகுவலி என்றாள். பிறகு கழுத்தைத் திருப்ப முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்புவாள். "என்னடி, ராணுவத்துல சேர்ந்துட்டியா?" என்று அக்காகூடக் கேலி செய்திருக்கிறாள். நாற்பத்திரண்டு வயதில் தங்கையால் மெஷின் மிதிக்க முடியாமல் போனபோதுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?"

ஊர் திரும்பியதும் அக்கா பதின்மூன்று கிணற்றுத் தண்ணீரையும் வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினாள். ஒன்பதில், எலும்பை இறுக்கி வளைக்கும் ஃபுளோரைடு, இருக்க வேண்டிய அளவைப்போல் நாலு மடங்கு. மீதி நாலு கிணறு ஊருக்குப் போதாது; அதுவும் ஒரே தொட்டியில் கலந்துதான் குழாய்க்கு வந்தது. கொதிக்க வைத்தால் அது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த வரியை அவள் எத்தனை தடவை படித்தாளோ.

தங்கையிடம் மறைக்க மனம் வரவில்லை. சொன்னாள். தங்கை கோபப்படவில்லை.

"நீ சொன்னேன்னுதானேக்கா, கால் மணி நேரம் கொதிக்க விட்டு குடிச்சேன்."

அவ்வளவுதான் சொன்னாள்.

விஷயத்தைச் சொல்லி அறிக்கையை நகராட்சிப் பொறியாளரின் மேசையில் வைத்தபோது அவர் அதைத் திறக்காமலே கேட்டார்: "கிணத்தை மூடிடலாம். நாளைக்கு ஊருக்கு எதைக் குடுக்கிறது? ஆத்தையா?"

"அதைக் குடிக்க முடியாது சார்."

"அப்புறம்? நீங்கதானேம்மா இது நல்லதுன்னு எழுதினீங்க?"

விடாமல் எழுதிப் போட்டு, மூன்று வருடம் கழித்து ஒரு சுத்திகரிப்பு இயந்திரம் வந்தது. ஐந்து மாதம் ஓடியது. உள்ளே மாற்ற வேண்டிய வடிகட்டி வரவில்லை என்று நிறுத்தினார்கள். பிறகு இயந்திரம் நின்ற கொட்டகையில் பழைய குழாய்களை அடுக்கினார்கள். தங்கை அதற்குள் படுக்கையோடு கிடந்தாள். வளைந்த எலும்பு இனி நிமிராது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். அடுத்த மழைக்காலம் முடியும் முன்பே அவள் போய்விட்டாள். கால்களை நீட்ட முடியாததால் ஒருக்களித்த மேனிக்கே எடுத்துப் போனார்கள்.

ஓய்வு பெற்றபின் பாட்டிலக்கா காலையில் தெருக்குழாயடிக்குப் போய் நின்று சொல்லிப் பார்த்தாள். "இது எலும்பைத் தின்னுடும். பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க."

சிலர் சிரித்தார்கள். சிலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி மட்டும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சரிக்கா, குடுக்கல. வேற எதைக் குடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க."

பாட்டிலக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். அதன் முன்பற்களில் இப்போதே பழுப்புக் கோடு விழுந்திருந்தது.

"தெரியலம்மா," என்றாள்.

குழாயில் தண்ணீர் வந்தது. வரிசை நகர்ந்தது. தன் முறை வந்ததும் அவளும் குனிந்து குடத்தை வைத்தாள்.