மெல்காமுவின் அடிச்சுவடு

"பதினோரு வருசமா ஓடறேன். என் அடிச்சுவட்டுல ஒருத்தன் கால் பட்டதில்ல. பட்டா, அந்தக் கால் வீடு போய்ச் சேராது!"

எங்கள் மலையூரான சுலுல்டாவின் காப்பிக் கடையில் மெல்காமு இப்படி முழங்கியபோது, எங்கள் குழுவினர் பதினான்கு பேரும் மரியாதைக்காகக் குடிப்பதை நிறுத்தினோம்.

"அதெப்படிண்ணே படும்?" என்றான் அஸ்னாக்கெ. "வரிசையில கடைசி ஆளே நீங்கதான். பின்னாடி மாடு வந்து வெச்சாத்தான் உண்டு."

"மாட்டுக்கு என் தெம்பு வேணாம்டா. உனக்குத்தான் வேணும்."

முன்னால் ஓடுகிறவரின் காலடியிலேயே கால் வைத்து ஓடினால் அவர் தெம்பு பின்னால் வருகிறவருக்கு இறங்கிவிடும் என்பது எங்கள் ஓட்டக்காரர்களின் நம்பிக்கை. நம்பிக்கொண்டேதான் தைலமரக் காட்டுக்குள் ஒற்றை வரிசையில் ஓடுவோம். பத்து நிமிடத்துக்கு ஒருவர் முன்னால் போவார், காற்றைத் தாங்குவார், வேர் குறுக்கிட்டால் விரலைச் சொடுக்கி எச்சரிப்பார். இன்று என் தெம்பு போகிறது, நாளை இன்னொருவருடையது வரும். தனியாக ஓடுவதும் தனியாகச் சாப்பிடுவதும் எங்களிடம் ஒரே ரகக் கேவலம்.

மெல்காமு இந்த ஏற்பாட்டை மனமார ஆதரித்தார், தம் முறை வரும்வரை. முறை வந்த கணத்தில் அவருடைய ஷூ லேஸ் அவிழும். குனிந்து கட்டி நிமிர்வதற்குள் வரிசை கடந்துவிடும். மீண்டும் கடைசி ஆளாகச் சேர்ந்துகொள்வார். குழுவினர் ஒன்றுகூடி, லேஸே இல்லாத ஷூ ஒன்றை அவருக்குப் பரிசளித்தோம். கண்கலங்கி வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து முள் குத்தத் தொடங்கியது. இந்த மலைப்பகுதியிலேயே அதிகமாக முள் தைத்த பாதங்கள் அவருடையவைதாம். ஒரு தழும்புகூட இல்லாதது மருத்துவ அதிசயம்.

குழுவில் ஸினாஷ் என்றொரு பெண். குழந்தை பெற்று ஒரு வருடம் கழித்துத் திரும்பியிருந்தாள். இருபத்தைந்து கிலோமீட்டரை ஒரு மணி முப்பத்தாறு நிமிடத்துக்குள் ஓடினால் எங்கள் ஓட்டச் சங்கத்தில் இருக்கலாம்; இல்லையென்றால் சம்பளமும் அறையும் போகும், பிள்ளையோடு ஊருக்குப் பேருந்து ஏற வேண்டியதுதான். அவளுக்கு முன்னால் ஓடிக் காற்றைத் தாங்க அஸ்னாக்கெ ஒப்புக்கொண்டான்.

அந்தத் தேர்வு நாளன்று செம்மண் சாலை மழையில் ஊறிக் கிடந்தது. மற்றவர்கள் பதினைந்து கிலோமீட்டரோடு நிறுத்தி, பின்னாலேயே வந்த எங்கள் பஸ்ஸில் ஏறிக்கொண்டோம். சேறு அப்பிய ஷூக்களைக் கழற்றிப் போட்டோம். மெல்காமுவுக்கு அடுத்த ஞாயிறு பெரிய போட்டி. அவர் ஜன்னலோரம் அமர்ந்து வறுத்த பார்லியை மென்றுகொண்டிருந்தார்.

பதினேழாவது கிலோமீட்டரில் அஸ்னாக்கெ வழுக்கிக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எதிர்க்காற்றில் ஸினாஷின் தலை ஆடத் தொடங்கியது.

"யாராவது எறங்குங்கடா!" என்று கத்தினார் பயிற்சியாளர் தெஃபெரா.

பஸ்ஸில் அத்தனை பேரும் எழுந்தோம். ஈர லேஸோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் கதவருகே சேறு தெறித்தது. மெல்காமு இறங்கிவிட்டிருந்தார்.

"எங்கண்ணே போறீங்க?"

"பஸ்ஸுல பெட்ரோல் நாத்தம். கொமட்டுது. ஓடியே வந்துடறேன்."

அஸ்னாக்கெயைத் தூக்கிப் பஸ்ஸில் போட்டுக்கொண்டு துரத்திப் பிடித்தபோது அவர் ஸினாஷைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நீங்களா? ஞாயித்துக்கெழம உங்களுக்குப் போட்டி..."

"வாய மூடு, மூச்சு வீணாவுது. என் கால் பட்ட எடத்துல கால வை. தள்ளி வெச்சா வழுக்கும்."

"உங்க தெம்பு?"

"வைன்னா வை!"

தெஃபெரா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பாகத் தொங்கியபடி கூவினார்: "பதினஞ்சு செகண்டு பின்னாடி!" பிறகு "நாலு!" பிறகு பஸ்ஸின் தகரத்தை ஒரு கையால் தட்டத் தொடங்கினார். மெல்காமு கடைசி வளைவில் ஒதுங்கி, ஸினாஷை முன்னால் போகவிட்டார்.

ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம் ஐம்பத்தொரு வினாடி. ஸினாஷ் சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தாள். ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கினோம். மெல்காமு பஸ்ஸில் ஏறி, மேல்சட்டையைப் போர்த்திக்கொண்டார்.

"முள் எதுவும் குத்தலியாண்ணே?" என்றான் அஸ்னாக்கெ, வீங்கிய காலைத் தூக்கி வைத்தபடி.

"குத்துச்சு. சொன்னா நீ நம்பவா போற?"

பஸ் வந்த வழியே திரும்பியது. சக்கரத் தடங்களுக்கு நடுவே, செம்மண்ணில், கிட்டத்தட்ட எட்டுக் கிலோமீட்டர் நெடுகப் பெரிய அடிச்சுவடுகள்; ஒவ்வொன்றுக்குள்ளும் சிறியதாக இன்னொன்று. எல்லோரும் ஜன்னலோரம் ஒதுங்கிப் பார்த்தோம்.

மெல்காமு தம் பக்கத்துத் திரையை இழுத்துவிட்டார்.