மிக் மூக்கில் நட்சத்திரம், லாரிக் கதவில் பொட்டு

போன ஞாயிற்றுக்கிழமை என் பர்மிய மருமகன் கோ மின் செல்போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வியட்நாம் சண்டையில் பறந்த மிக் போர் விமானம் ஒன்றின் படம். மூக்கில் வரிசையாகச் சிவப்பு நட்சத்திரங்கள். "மாமா, ஒரே பைலட்! இத்தனை அமெரிக்க பிளேனை ஒத்தை ஆளா சுட்டு வீழ்த்தியிருக்கான்!" தமிழ் அவருக்குப் பாதிதான் வரும், ஆச்சரியம் முழுதாக வரும்.

"அது ஆளு கணக்கில்ல மாப்ளே. பிளேன் கணக்கு" என்றேன்.

நாலாம் வகுப்பைத் தாண்டாத எனக்கு இது எப்படித் தெரியும் என்கிறீர்களா? இன்று ரங்கூன் கியாக்டடாவில் சொந்த ஆபீசு போட்டு லாரி விடுகிறவன் நான் (நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது?). அன்று கூலிக்கு ஓட்டினேன். அந்தச் சிவப்பைப் பார்த்ததுமே பெயிண்ட் வாசனை மூக்கில் ஏறிவிட்டது. எங்கள் லாரி ஷான் மலை ஏறி உருப்படியாகத் திரும்பினால், முன்கதவில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைப்போம். ஓட்டியது மூன்று பேர்: நான், சின்னப்பன், கோ துன். ஆனால் கதவோரம் சாய்ந்து நின்று போகிற வருகிறவர்களுக்குக் காட்சி கொடுத்தது நான் மட்டும்தான்.

அந்தப் பொட்டுகளைப் பார்த்து மயங்கித்தான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பெரியவர் ஒருவர், எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று போட்டாதாங் டீக்கடைக்கு வந்தார். நானும் ஒரு மாதமாக அந்தப் பெண்ணை நினைத்துத் தூக்கம் கெட்டிருந்தேன். அன்றைக்கென்று பார்த்து, பக்கத்து மேசையில் வியட்நாம் கப்பல்காரன் ஒருவன். சண்டைக் காலத்தில் விமானங்களுக்கு நட்சத்திரம் வரைந்தவனாம். யாரையும் நெருங்கவிடாதவன் என்று அமெரிக்கர்கள் கதை கதையாகச் சொன்ன ஒரு மாய பைலட்டைப் பற்றிக் கடையே அவனைக் கேட்டது. அரைகுறை பர்மிய மொழியில் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "அப்படி ஒரு பேரே எங்க படையில இல்ல. எதிராளி வாயில பொறந்தவன் அவன். இன்னைக்கு ஒருத்தன் ஓட்டுவான், நாளைக்கு வேற ஒருத்தன். நட்சத்திரம் பிளேனுக்கு. அதுலயும் ஒரே புகையைப் பார்த்து ரெண்டு பேரு 'நான்தான்'னு வருவான்."

சின்னப்பன் மேசையைத் தட்டினான். "கேட்டீங்களா பெரியவரே! எங்க லாரிப் பொட்டும் அதே கதைதான். இவன் மாப்ளையா நிக்கிறான், நாங்க ரெண்டு பேரும் மலை ஏறுறோம்!"

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப இதுல உன்னோடது?"

"மூணுல ஒரு பங்குதான்."

அவர் மெதுவாக டீயைச் சாசரில் ஊற்றினார். "மூணு பேரு ஓட்டியும் வண்டி முழுசா இருக்கு. அப்ப ஒருத்தனும் குடிகாரன் இல்ல. இதுல கல்யாணம் ஆகாதவன் யாரு?"

"நான் மட்டும்தான்!"

எனக்கு வெற்றி வந்த விதம் இப்படி. அந்தப் பெண்தான் இதோ அடுப்படியில், நான் யாரிடமோ அளக்கிறேன் என்று முனகிக்கொண்டே மொஹிங்கா நூடுல்சுக்கு மீன் குழம்பு கிண்டுகிறாள்.

டீக்கடை இருந்த இடத்தில் இன்று செல்போன் விற்கிறார்கள். லாரி கதவோடு பழைய இரும்புக்குப் போயிற்று. சின்னப்பனும் போய்விட்டான், கோ துன்னும் போய்விட்டார். அத்தனை பொட்டும் என்னுடையவை என்றால் மறுத்துப் பேச ஆளில்லை. மருமகனிடம் அப்படியே சொல்லிப் பார்த்தேன்.

"அப்படியா மாமா!" என்று உடனே நம்பிவிட்டார்.

சப்பென்று போய்விட்டது.